வைத்திலிங்கம் மச்சானை நீக்கிய கதை

கடலூர் முதுநகரில் போர்வெல் வைத்திலிங்கம் வீடு எது என்று கேட்டால், ரயிலை விட்டு அப்போதுதான் இறங்கியவர்கூட வழி சொல்லிவிடுவார். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டு, கையாலேயே துளை போடும் கைபோர் செட்டில் கூலியாகச் சேர்ந்து, குழாயைத் தோளில் சுமந்து, சேற்றில் நின்று சங்கிலி இழுத்த உடம்பு அது. 2004-ல் சொந்தமாக ஒரு மிஷின் வாங்கினார். ஆறு வருஷத்தில் ஒன்று மூன்றானது. பண்ருட்டி முந்திரிக்காட்டிலிருந்து சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரை வரைக்கும் அவர் போட்ட போரில் தண்ணீர் குடிக்காத ஊர் ஒன்றை யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

கம்ப்யூட்டரையும் அவர் அதே பிடியாகத்தான் பிடித்தார். மகள் சுவேதா சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். 2010-ல் லீவுக்கு வந்தவள், அப்பாவுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தாள்.

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ரிக்வெஸ்ட் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெரிந்தவர்கள் என்றால் யார்? போர் போட்டுக் கொடுத்த வீடெல்லாம் தெரிந்த வீடுதானே? பைப்பு கடைக்காரர், மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் கட்டுகிறவர், லாரி ஆபீஸ்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. முகத்துக்குப் பதில் பூப்படம் வைத்திருந்தவர்களைக்கூட, ஊர் கடலூர் என்று போட்டிருந்தால் சேர்த்துக்கொண்டார். பம்பு கம்பெனிகளின் பக்கம், மழைச் செய்தி போடும் பக்கம், திருவதிகை கோயில் படம் போடும் பக்கம் எல்லாவற்றையும் தொடர்ந்தார். ஒரே வருஷத்தில் ஆள் ஆயிரத்தைத் தாண்டியது. "காலேஜு வாத்தியாருக்கே எரநூறு பேருதான்" என்று தன் போர்வெல் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அது பொய்யும் இல்லை.

ஆனால் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் யார் பேச்சு காதில் விழும்? அதிலும் ஒருவன் பேச்சு மற்ற எல்லாவற்றையும் அமுக்கியது. மனைவி தில்லையம்மாளின் தம்பி கதிர்வேல், கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருப்பவன். விடிந்தால் ரோஜாப்பூவோடு ஒரு குட்மார்னிங். பத்து மணிக்கு ஒரு தத்துவம். மதியம் சாப்பாட்டு இலை. சாயங்காலம் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு அவனே. போடுகிற படத்திலெல்லாம் மாமா பெயரையும் சேர்த்துக் கோத்துவிடுவான்.

2012 தை மாசம், புயல் அடித்து ஓய்ந்த நேரம். பண்ருட்டிப் பக்கம் தோப்பைப் பறிகொடுத்த ஒருவர், புதிதாகக் கன்று வைக்கப் போர் போட வேண்டும் என்று இவர் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியிருந்தார். மச்சானின் ரோஜாப்பூக்களுக்கு அடியில் அது எங்கோ போய்விட்டது. இவர் பார்த்து ஓடுவதற்குள் வேறொருவன் மிஷின் அங்கே நின்று கொண்டிருந்தது.

தண்ணீர் வராத போரை மூடிவிட வேண்டும் என்பது தொழில் புத்தி. அதை வைத்திலிங்கம் அப்படியே இங்கே கொண்டுவந்தார். ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்து, வேலைக்கு உதவாமல் இடத்தை அடைக்கிறவர்களை ஒவ்வொருவராக நீக்கினார். மச்சானையும் நீக்கினார். கோபம் ஒரு துளியும் இல்லை. சொந்தம் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்பது அவர் எண்ணம்.

சித்திரையில் சுவேதாவுக்கு வரன் அமைந்தது. ஆவணியில் சிதம்பரத்தில் கல்யாணம். அவர்கள் வகையறாவில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுகிறவன் அவன். அவன் கை படாமல் பெண் மணவறை ஏறிய வழக்கம் கிடையாது. வைத்திலிங்கமும் தில்லையம்மாளும் வெற்றிலை பாக்கு, பூ, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு கீரப்பாளையம் போனார்கள்.

கதிர்வேல் வாசலுக்கு வந்தான். "வாக்கா" என்றான். மாமாவுக்கு ஒரு 'வாங்க' இல்லை. தில்லையம்மாள் தட்டை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"இன்னா மச்சான், வாங்கு. ஒங்கக்காவுக்குக் கை வலிக்குதில்ல?" என்றார் வைத்திலிங்கம்.

"யாரு மச்சான்? ஃபிரண்டாவே வச்சிக்காதவனுக்கு எதுக்கு மாமா பத்திரிக?"

தில்லையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கதிர்வேல் மிச்சத்தைச் சொன்னான். "கேளுக்கா. எங்க மாமா புது மிஷின் எறக்கியிருக்காரு, பாருங்கடான்னு பிரௌசிங் சென்டர்ல நாலு பேர வச்சிக்கினு இவுரு பக்கத்தத் தொறக்குறேன். ஒண்ணையும் காட்டல. 'இவர ஃபிரண்டா சேத்துக்கிறியா'ன்னு என்னையே கேக்குது! எங்கூட்டாளி கலியமூர்த்தி பக்கத்துலயே நிக்கிறான். 'இன்னாடா, ஒங்க மாமா ஒன்ன வூட்ட வுட்டே தொரத்திட்டாரு'ங்கிறான். அன்னியிலேருந்து மூட்ட வாங்க வர்றவன்லாம் அதையே கேக்குறான்."

"இன்னாங்க பண்ணீங்க?" என்று அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"எடம் ஜாஸ்தி அடைச்சிக்கிச்சு. அதான்..."

"எடமா? கடை வாசல்ல கெடக்கிற பழைய பைப்ப எடுத்துப் போட மனசு வரல. எந் தம்பிய எடுத்துப் போட்டீங்களா?"

தட்டு அவள் மடியிலேயே முதுநகருக்குத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவள் சோறு போட்டாள், பேச்சு போடவில்லை. தாய்மாமன் இல்லாத கல்யாணத்தைப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில் வைத்திலிங்கம் மகளிடம் போனார்.

சுவேதா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நீக்கவே வேணாம்ப்பா. மாமா ஃபிரண்டாவே இருப்பாரு, அவுரு போடறது மட்டும் ஒங்களுக்கு வராது. அப்புடி வச்சிக்கலாம்."

"இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"எங்க கேட்டீங்க? எல்லாம் எனக்குத் தெரியும்னீங்க."

வைத்திலிங்கம் கம்ப்யூட்டரைத் திறந்தார். மச்சானுக்கு மறுபடி ரிக்வெஸ்ட் அனுப்பினார். ஒரு வாரம் பார்த்தார். அசைவில்லை. கடைசியில் போன் போட்டார்.

"வந்துச்சி மாமா, கெடக்குது" என்றான் கதிர்வேல். "நாலு பேரு எதுர போன மானம் யாருக்கும் தெரியாம திரும்பி வந்தா எப்புடி?"

வைத்திலிங்கம் போனை வைத்துவிட்டு யோசித்தார். கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் கையைக் கட்டி நிற்காத மனிதர் அவர். ஆனால் மச்சான் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊரறிய எடுத்ததை ஊரறியத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தட்டு, மறுபடி கீரப்பாளையம். இந்தத் தடவை கடையிலிருந்த லேப்டாப்பும் டேட்டா கார்டும்கூட வந்தன. கதிர்வேல் வீட்டு வாசலிலேயே காரியத்தை முடிக்கலாம் என்று நினைத்திருந்தார். டேட்டா கார்டு கண்ணைச் சிமிட்டியதே தவிர நெட் கிடைக்கவில்லை. கூரை மேல் வைத்தும் பார்த்தார்கள்.

"மானம் எங்க போச்சோ, அங்கயே போவோம் வா" என்று வைத்திலிங்கம் எழுந்தார்.

முன்னால் கதிர்வேல், பின்னால் தட்டோடு தில்லையம்மாள், அவளுக்குப் பின்னால் தெருவில் பாதி. பிரௌசிங் சென்டர்காரர் சாமி ஊர்வலம் வருகிறதோ என்று வெளியே வந்து பார்த்தார். கலியமூர்த்தி டீ கிளாசோடு வாசலில் நின்றான். கதிர்வேல் உள்ளே உட்கார்ந்து தன் கணக்கைத் திறந்தான். மாமாவின் ரிக்வெஸ்ட் அங்கேயே கிடந்தது.

வைத்திலிங்கம் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. கூடியிருந்தவர்களைப் பார்த்து, மிஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னார்: "பாத்துக்குங்கப்பா. எடுத்தவனும் நாந்தான், கேக்குறவனும் நாந்தான். எம் மச்சான் பட்டம் கட்டாம எம் பொண்ணு மணவறையில ஏற மாட்டா."

"அமுக்குடா, இன்னா யோசன?" என்றான் கலியமூர்த்தி.

"சும்மா கெடடா. மாமா ஒரு மொற செய்யிறப்ப அவசரப்படக் கூடாது" என்ற கதிர்வேல், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அழுத்தினான். பிறகு எழுந்து வந்து, அக்கா கையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எல்லோருக்கும் டீ சொன்னது வைத்திலிங்கம்.

அன்று இரவே அவர் தில்லையம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீக்கிய மற்றவர்களைப் பெயர் சொல்லிச் சொல்லி, சொந்தமா என்று கேட்டார். மூன்று பேர் அவள் வழியில் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். அவர்களுக்கும் ரிக்வெஸ்ட் போனது. அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் அவர் யாரையும் நீக்கியதில்லை.

ஆவணியில் கதிர்வேல் பட்டுவேட்டி கட்டி வந்து, சுவேதாவின் நெற்றியில் பட்டம் கட்டினான். மணவறையை விட்டு இறங்கியதும், கல்யாணத்துக்கென்றே வாங்கிய நெட் போனை எடுத்தவன், மண்டபம் காலியாகும் வரை படம் போட்டுக்கொண்டே இருந்தான்.

மகள் சொன்ன வழியை வைத்திலிங்கம் உபயோகித்துக்கொண்டார் என்பதும் உண்மைதான். மச்சான் போடுவது இப்போது அவருக்குத் தானாக வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் அவரே அவன் பக்கத்துக்குப் போவார். அந்த வாரம் போட்டதையெல்லாம் கீழிருந்து மேலாக ஒன்று விடாமல் லைக் போட்டு முடித்த பிறகுதான் மிஷின் வேலையை விசாரிப்பார்.

கொஞ்ச நேரத்தில் கீரப்பாளையத்திலிருந்து போன் வரும். "பாத்தீங்களா மாமா?"

"பாக்காம? அந்த நடவுப் படம் பிரமாதம் மச்சான்."

"அத நாந்தான் வரப்புல படுத்துக்கினு எடுத்தேன்" என்று அவன் ஆரம்பிப்பான். வைத்திலிங்கம் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வந்த மெசேஜ்களில் போர் கேட்டவர் யாராவது உண்டா என்று பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.