மெட்டில்லாத கிட்டார்

என்னிடம் இரண்டு பேஸ் கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று எல்லோரிடமும் இருப்பது போன்றது. அதன் கழுத்தில் குறுக்கே மெல்லிய உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். விரலைக் கொஞ்சம் முன்பின் வைத்தாலும் சுரம் சரியாகவே பேசும். தப்புச் செய்ய நினைத்தாலும் விடாது. இன்னொன்றில் அந்தக் கம்பிகளே கிடையாது. வழவழவென்று கறுத்த மரம், அதன் மேல் நான்கு தந்திகள், அவ்வளவுதான். எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்பது வாசிப்பவன் பாடு.

இரண்டாவதைக் கெலாங் பாத்தாவில் ஒருவர் வீடு மாறும்போது விற்றார். சும்மா பார்க்கத்தான் போனேன். ஒரு தந்தியில் விரலை வைத்து மேலே இழுத்தேன். ஒரு சுரம் இன்னொன்றாக மாறும் வழியெல்லாம் கேட்டது, யாரோ வாயை முழுக்கத் திறக்காமல் பாடுவது போல. நான் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன். குடிநுழைவுச் சாவடி, வரிசை, கடப்பிதழ், மறுபடியும் வரிசை. தடுத்து நிறுத்த ஒன்றுமே இல்லாத ஓர் இடம் என் விரலுக்காவது கிடைத்ததே என்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வாங்கிவிட்டேன்.

அதை எங்கள் இசைக்குழுவில் வாசித்தபோதுதான் வம்பு வந்தது. கல்யாணங்களுக்கு வாசிக்கும் குழு. காஹாங்கில் ஒரு வரவேற்பு. என் விரல் எல்லாச் சுரத்துக்கும் ஒரு மயிரிழை கீழேயே நின்றது. பாடகி இரண்டு முறை திரும்பி முறைத்தார். முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணே, நாங்கெல்லாம் ஒரு ஊர்ல வாசிக்கிறோம், நீங்க மட்டும் பக்கத்து ஊர்ல வாசிக்கிறீங்க. அடுத்த மாசம் பழைய கிட்டார எடுத்துட்டு வாங்க லா. இல்லன்னா வேற ஆள பாத்துக்கிறோம்.”

நான் பல வருடங்களாக வாசிக்கும் குழு. கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் சொன்னது உண்மை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பித் தீர்த்தேன். குழுவை விடவும் மனமில்லை, இந்தக் கிட்டாரை விடவும் மனமில்லை.

அவள் சின்ன வயதில் கோயில் வகுப்பில் மூன்று வருடம் வீணை படித்தவள். வீணையில் அந்தக் குறுக்குக் கம்பிகளுக்கு மெட்டு என்று பெயர். “மெட்டே இல்லாம எப்படிங்க வாசிப்பீங்க?” என்று மட்டும் கேட்டாள். வாங்கிய நாளிலிருந்தே அது யாரோ என் தலையில் கட்டிய அரைகுறைச் சாமான் என்பது அவள் எண்ணம்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், மூலையில் கிட்டார் பை இல்லை.

“தம்போய்ல இருக்கிற கிட்டார் கடையில குடுத்திருக்கேன். மெட்டு போட்டுத் தரச் சொல்லிட்டேன். இனிமே யாரும் உங்கள ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

மெட்டுப் பதிக்கக் கழுத்து மரத்தை ரம்பத்தால் குறுக்கே அறுக்க வேண்டும். அறுத்தால் அறுத்ததுதான். “அலமாக்! யார கேட்டுக் குடுத்த?” என்று கத்திவிட்டேன். இன்றைக்கும் அதற்கு வெட்கப்படுகிறேன். அவள் முகம் வாடியதைப் பார்க்கக்கூட நிற்காமல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கடைக்காரர் என் வயதுள்ள மலாய்க்காரர். கிட்டார் மேசை மேல் கிடந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. தந்திகள் மட்டும் புதிதாக மின்னின. அவர் தலையைச் சொறிந்தபடி மலாயில் சொன்னார்: “இதில் லாகு இல்லை, லாகு போட்டுக் கொடுங்கள் என்றார் உங்கள் மனைவி. தந்தி பழசாகிப் பாட்டு சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று தந்தியை மாற்றினேன்.”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

“மெட்டுக்கு மலாய்ல லாகுதானே?” என்றாள் சின்னக் குரலில்.

லாகு என்றால் மலாயில் பாட்டு, பாட்டின் மெட்டு. வீணையில் இருப்பதற்கும் பாட்டில் இருப்பதற்கும் தமிழில் ஒரே மெட்டு. அந்தச் சொல் என் கிட்டாரைக் காப்பாற்றியிருந்தது. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். “போட்ட லாகுவைக் கேளுங்கள்” என்று அவர் கிட்டாரை மடியில் வைத்து மெதுவாக ஏதோ வாசித்தார். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போயின. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“கமகம் மாதிரியே இருக்குங்க. மெட்டு போட்டா இது போயிருமே.”

நான் மாதக்கணக்கில் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். கத்தியதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

அந்த வாரத்திலிருந்து மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சுரம் பாடுவாள், நான் தேடுவேன். “மேல. இன்னும் மேல. ஆங், அங்கதான்.” அவள் சொன்ன இடத்திலெல்லாம், கழுத்தின் ஓரத்தில், தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டாக எடுத்து ஒட்டினாள்.

அடுத்த மாதக் கல்யாணத்துக்கு இதையே எடுத்துப் போனேன். பயத்தில் பழையதும் வண்டியில் இருந்தது. பாடகி கடைசிவரை திரும்பவே இல்லை. சாமான்களைக் கட்டும்போதுதான் பார்த்தார்.

“என்னண்ணே, கிட்டாருக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க?”

“என் சம்சாரம் வெச்சது,” என்றேன். குழுவும் கிட்டாரும் இன்று என்னிடம் இருப்பதற்கு நன்றி சொல்வதென்றால் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது விரலுக்கு வழி தெரியும். பொட்டைப் பார்த்து வாசித்து வெகுநாளாகிறது. ஆனாலும் வியர்வையில் ஒன்று விழுந்தால் அவளைக் கூப்பிடுகிறேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஒரு தரம் பாடிப் பார்த்து, புதிதாக ஒன்று ஒட்டிவிட்டுப் போகிறாள். தேவையில்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை.