ஆறுச்சாமியின் மூன்றாவது கூப்பாடு

இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டு முடித்ததும் ஆறுச்சாமி மூன்றாவதை உடனே கூப்பிட மாட்டார். தாழ்வாரத்து விளிம்பு வரை நடந்து வருவார். தலைப்பாகையை ஒரு முறை அழுத்திவிட்டுக்கொள்வார். சாலையில் ஏதாவது பஸ் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால், அது நின்று ஆட்கள் இறங்கும் வரை பொறுப்பார். அதன் பிறகுதான் மூன்றாவது கூப்பாடு. மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் மாஜிஸ்திரேட் வாரண்ட் எழுதிவிடுவார்.

எங்கள் திருப்பூர் கோர்ட்டின் டவாலி அவர். வெள்ளைக் கோட்டு, தோளில் குறுக்காகச் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நானோ எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், பதினான்கு வருஷமாக வக்கீல் குமாஸ்தா. சட்டப் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் குன்னத்தூரிலிருந்து வரும் குடியானவரும், பனியன் கம்பெனியிலிருந்து தலையில் பஞ்சு ஒட்டியபடி ஓடிவரும் பெண்ணும், கேஸ் கட்டும் கையுமாக நிற்கும் என்னைத் தாண்டிப் போய் அவரிடம்தான் கேட்கிறார்கள்: "ஏனுங்க, எங்க கேசு எப்பக் கூப்புடுவாங்க?" எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், இன்றைக்கும் எரிகிறது.

அப்படி அவர் என்னதான் சொல்லிவிடுகிறார்? "அந்தப் புளியமரத்தடியில சித்த உக்காருங்க அம்மிணி. உங்களுக்கு முன்னால நாலு கேசு இருக்குது. கொழந்தைக்கு ஏதாச்சு வாங்கிக் குடுங்க, நாங் கூப்புடறனுங்க." இவ்வளவுதான். இதில் ஒரு பிரிவும் இல்லை, உட்பிரிவும் இல்லை. சாட்சி சொல்ல வந்து பயந்து நிற்கிறவரிடம், "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியாட்டித் தெரியலீன்னு சொல்லுங்க. அதுக்கெல்லாம் தூக்குல போட மாட்டாங்க" என்பார். வந்தவர் சிரித்துவிடுவார். நான் ஒரு மணி நேரம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த சாட்சியம் அந்தச் சிரிப்பிலேயே பாதி மறந்துபோகும்.

எல்லா ஊர் பஸ் நேரமும் அவருக்கு மனப்பாடம். காலையில் கோர்ட் கிளார்க்கிடம் போய், "இந்த ரெண்டு கேசும் கடைசியில இருக்கட்டுமுங்க, அந்த ஊர் வண்டி இன்னும் வரலீங்க" என்பார். கிளார்க்கும் தலையாட்டுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எங்கள் கோர்ட்டில் பூசாரி முந்திக்கொண்டு இடம் போட்டு வைக்கிறார். பிறகு என்னை யார் தேடுவார்கள்?

போன ஆனி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். குன்னத்தூர்க் குப்பாயி எங்கள் கட்சிக்காரி. வேலை செய்த கம்பெனியில் நூல் திருடினாள் என்று கேஸ். பிணையில் இருந்தாள். புருஷன் இல்லை, சின்னதாக இரண்டு பிள்ளைகள். ஒரு வாய்தா முடிந்து வெளியே வந்தவள், நான் பக்கத்தில் நிற்க, நேரே ஆறுச்சாமியிடம் போய், "அடுத்த வாய்தா என்னிக்குங்க சாமி?" என்று கேட்டாள். அவளுக்காக அந்தத் தேதியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் புது மாஜிஸ்திரேட் வந்தார். பதினொரு மணிக்குக் கேஸ் கூப்பிடும் வழக்கத்தைப் பத்து மணியாக்கினார். பட்டியல் வரிசையை யாரும் மாற்றக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். கட்சிக்காரர்களுக்கெல்லாம் கார்டு எழுதிப் போட்டேன். குப்பாயிக்கு மட்டும் போடவில்லை. மறதி என்று சொன்னால் பொய். அவளுக்குத்தான் ஆறுச்சாமி இருக்கிறாரே, அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்ற வீம்பு. வாய்தாவுக்கு நாலு நாள் முன்னால் அவர் என்னிடம், "குப்பாயிக்குத் தாக்கல் சொல்லீட்டீங்களா, குமாஸ்தாய்யா? அந்தப் புள்ள பழைய நேரத்துக்கே வந்துரப் போகுதுங்க" என்றார்.

"கார்டு போட்டாச்சு" என்றேன்.

வாய்தா நாளில் எங்கள் வக்கீல் வேறொரு கேஸுக்காகக் கோயமுத்தூர் போயிருந்தார். குமாஸ்தா கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. பத்தேகாலுக்குக் குப்பாயி பெயர் வந்தது. முதல் கூப்பாடு. இரண்டாவது. ஆள் இல்லை. குன்னத்தூர் வண்டி பத்தரைக்குத்தான். வாரண்ட் போனால் போலீஸ் அவளைப் பிடித்துவந்து சப்ஜெயிலில் அடைக்கும், பிள்ளைகளுக்குச் சோறு போட ஆளில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும், இன்றைக்கு ஒரு நாளாவது இந்த மனுஷன் கூப்பிட்டு ஆள் வராமல் போகட்டுமே என்று மனசு ஒரு மூலையில் நினைக்கத்தான் செய்தது. பாவி மனசு.

"மூணு தடவையும் கூப்பிட்டாச்சா?" என்று மாஜிஸ்திரேட் பேனா மூடியைக் கழற்றினார்.

"ரெண்டு ஆச்சுங்க சாமி. மூணாவதைக் கேட்டுக்கு வெளிய போய்க் கூப்புட்டுட்டு வந்தர்றனுங்க. டீக்கடைப் பக்கம் ஆளுக நிக்கிறதுண்டுங்க."

போனவர் போனவர்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். வாயே திறக்கவில்லை. மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். குன்னத்தூர் வண்டி புழுதியோடு வந்து நின்றது. "குப்பாயீ!" என்று அவர் போட்ட சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். கூண்டில் ஏறி நின்றாள். மாஜிஸ்திரேட் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, அடுத்த வாய்தா போட்டு அனுப்பினார்.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. "பத்து மணின்னு ஆருமே சொல்லலீங்களே சாமி! ஊட்டுக்கு ஒரு கார்டுங்கூட வரலீங்களே!"

ஆறுச்சாமிக்குப் பின்னால் தூண் ஓரமாக நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

குப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் இரண்டு கைகளையும் குவித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். ஆறுச்சாமி சட்டென்று இரண்டடி நகர்ந்து, அவளுக்கும் எனக்கும் நடுவிலிருந்து விலகிக்கொண்டார்.