விரல் வைத்தால் மறைகிற பெயர்

என் மருமகள் தாராவியில் எங்கள் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வெப் பக்கங்கள் செய்கிறாள். பக்கத்துக்கு வேண்டிய பெட்டி, பொத்தான் எல்லாம் முன்பே யாரோ செய்து வைத்திருக்கிறார்களாம். டேக் என்று ஒரு சின்னச் சொல்லை எழுதினால் பெட்டி வந்து நிற்கும். அப்படிப்பட்ட டேக்குகளின் தொகுப்புதான் டேக் லைப்ரரி. இப்போது வந்த வேலை ஓர் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடும் பக்கம், தமிழிலும் வருவது. அதற்குப் பழைய லைப்ரரியா, புதியதா என்று அவள் முடிவு சொல்லவேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்து அவளாக எடுக்கும் முதல் முடிவு.

இரண்டிலும் ஒரு பக்கம் செய்து என் போனில் போட்டுத் தந்தாள்.

புதியது அழகுதான். பெட்டிக்குள்ளேயே வெளிறின எழுத்தில் 'பெயர்', 'வயது'. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். எழுத்தின்மேல் விரல் வைத்தால்தான் எனக்கு ஓடும். வைத்தேன். எழுத்து மறைந்துபோயிற்று.

"போன் கெட்டுப்போச்சுட்டி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பழைய லைப்ரரிப் பக்கத்தைக் காட்டினாள். பெயர் பெட்டிக்கு வெளியே கறுப்பாக நின்றது. விரல் வைத்தும் மறையவில்லை.

மத்தியானம் வீடியோவில் மீட்டிங். பழையதுதான் வேண்டும் என்றாள் அவள். பழையது பார்க்க நன்றாயில்லை, புதியதில் யார் மாட்டிக்கொள்ளப்போகிறார்கள் என்று அவளுடைய மேலதிகாரி இந்தியில் கேட்டார். "எங்கள் சந்தில் ஒருவர்," என்றாள். ஒருவருக்காகவா என்றார். யார் அந்த ஒருவர் என்று சொன்னால் எனக்குத் தலையிறக்கம் என்று அவளுக்குத் தெரியும். பாங்கில்கூட, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லித்தான் அடுத்தவரைப் படிக்கச் சொல்வேன்.

அவள் முகம் சுண்டியதைப் பார்த்தேன். எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வோ மைச் ஹூ," என்றேன். அது நான்தான்.

போனைக் கேமராவுக்குக் காட்டி, விரல் வைத்து வாய்விட்டுப் படித்தேன். "பெ... ய..." மறைந்தது. திரையில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். அதிகாரி சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, ஃபிர்சே. தீரே தீரே," என்றார். மறுபடியும், மெதுவாக.

"மெதுவாத்தான் வரும் தம்பி எனக்கு," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

பழைய பக்கத்தைக் கடைசிப் பெட்டிவரைக்கும் நிரப்பினேன். எல்லோரும் காத்திருந்தார்கள். பழையதையே எடுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

"எதுக்கு அத்த வந்திய? நான் எப்படியாவது சொல்லிருப்பம்லா?"

"எப்ப? அவன் ஒன் வாய அடச்ச பொறவா? அது கெடக்கட்டும், எம் மூஞ்சி நல்லா தெரிஞ்சுதா?"

"எங்க! போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிய. பாதி மூஞ்சிதான்."

அன்று சமையலை நான் பார்த்துக்கொண்டேன். அவள் பழைய லைப்ரரியில் பெட்டி பெட்டியாகப் பெயர்களை வெளியே எழுதி வைத்துக்கொண்டிருந்தாள்.