அவருடைய இருமல், என்னுடைய மாத்திரை

எங்கள் தொழிற்சாலையில் பெண்கள் கழிவறைச் சாவி மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். “ஃபிர்? கைக்கு?” என்பார் அந்த ஊர் இந்தியில். மறுபடியுமா, எதற்கு என்று! எதற்கென்று சொல்வது? அந்தக் கேள்விக்குப் பயந்தே, குகட்பள்ளியில் பஸ் ஏறியது முதல் வீடு திரும்பும்வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வந்துவிடும்.

டிஸ்பென்சரிக்குப் போகலாம். ஆனால் டாக்டர் மேசையைச் சுற்றி எங்கள் பிரிவு ஆண்கள் நிற்பார்கள். அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் மருத்துவ அட்டையுடன் போய் நாலு தடவை இருமினார். ஐந்து நாளுக்கு ஆம்பிசிலின் மாத்திரை கிடைத்தது. நான் இரண்டு நாள் விழுங்குவேன், எரிச்சல் அடங்கும். மீதியை அடுத்த முறைக்கு டப்பாவில் போட்டு வைப்பேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று அப்போது தெரியாது.

இப்படியே மூன்று வருடம். டாக்டர் கவலைப்பட்டு என் கணவரின் நெஞ்சை எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்த்தார்.

பிறகு ஒருமுறை டப்பா முழுவதும் காலியாகியும் எரிச்சல் அடங்கவில்லை. குளிர்காய்ச்சலும் இடுப்பு வலியுமாகத் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் படுத்தேன். அங்கும் அதே டாக்டர்தான். சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, என் அட்டையைப் புரட்டினார். ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

“இதுக்கு முன்னால இதுக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களாம்மா?”

“இல்லை சார்.”

அதே ஆம்பிசிலினை எழுதினார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கேட்காது என்று தெரிந்தே மூன்று நாள் விழுங்கினேன். காய்ச்சல் இறங்கவில்லை. இப்படியே போனால் சிறுநீரகம் போய்விடும் என்றார் நர்ஸ். எனக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அதில் எழுதியிருந்த மருந்துகளில் ஒரே ஒரு ஊசியைத் தவிர எதற்கும் அந்தக் கிருமி சாகாதாம். டாக்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அரைகுறையா மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு நிறுத்தினாத்தான் கிருமி இப்படி மருந்துக்குப் பழகிப்போகும். உங்க அட்டையில ஒரு மாத்திரைகூட இல்லையேம்மா?”

கட்டிலருகே நின்ற என் கணவர், டாக்டரைக் கண்ட பழக்கத்தில், இருமினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“அவரோட அட்டையை எடுத்துப் பாருங்க சார்,” என்றேன். “அதுல இருக்கறதெல்லாம் என் வியாதி.”