ஃபெபி எண்ணிய வால்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஃபெபிக்கும் மதுமதிக்கும் ஒரே மேசை. ஃபெபி தன் வீட்டு மோரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருந்தாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் மதுமதி, பழைய சோற்று நீராகாரத்திலிருந்து வேறொன்றை எடுத்திருந்தாள். மரபணு உடைவதை எது அதிகம் தடுக்கிறதோ, அதுதான் அடுத்த கட்டச் சோதனைக்குப் போகும். தோற்றவள் முனைவர் பட்டத்துக்குப் புதுத் தலைப்புத் தேட வேண்டும்.

ஃபெபி பொல்லாதவள் அல்ல. மதுமதிக்கு எல்லாம் சும்மா வாய்க்கிறது என்று மட்டும் நம்பினாள். பாக்டீரியா வளர்க்கும் அவள் தட்டுகளில் பூஞ்சை பிடிப்பதில்லை. ஆய்வு வழிகாட்டி குமரகுருபரன் சார் அவளிடம்தான் சிரித்துப் பேசுவார். அவள் கொண்டுவரும் தேங்காய்ப்பால் சொதிகூட மதியம்வரை கெடுவதில்லை.

சோதனை இதுதான்: ரத்த வெள்ளணுக்களில் நச்சையும் பாக்டீரியாவையும் சேர்ப்பார்கள். மரபணு உடைந்திருந்தால் நுண்ணோக்கியில் அந்த அணுவுக்கு வால்நட்சத்திரம்போல் வால் நீளும். குட்டை வால் என்றால் பாக்டீரியா காத்தது. எல்லாம் கண்ணாடிக்குள்தான், மோர் குடிப்பவர் உடம்பில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி. ஆசைப்பட்டதைத்தான் கண் பார்க்கும் என்பதால், சார் பெயர்கள்மேல் கறுப்பு நாடா ஒட்டித்தான் எண்ணக் கொடுப்பார்.

அன்று எண்ணியவள் ஃபெபி. ஒரு ஸ்லைடில் அணுக்கள் பதிந்த ஜெல் படலத்தின் ஓரம் கிழிந்திருந்தது. மேல்கண்ணாடியை அவசரமாக உருவிப் படலத்தைக் கிழிப்பது மதுமதியின் பழக்கம். ஃபெபி அடையாளம் கண்டுகொண்டாள். அதன்பின் அந்த ஸ்லைடில் சந்தேகமான வால்களெல்லாம் நீள வால்களாயின. பொய் எழுதுகிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பொறாமை அளவுகோலைத்தான் மாற்றும்.

சார் நாடாவை உரித்தார். கிழிந்தது மோர் ஸ்லைடு. ஃபெபி அந்தக் கிழிசலையே பார்த்தாள்.

"ஸ்லைடு போட்ட அன்னைக்கு நீ அண்ணன் நிச்சயத்துக்குப் போயிருந்தேல்லா. உன்னுதையும் நான்தானே போட்டேன்" என்றாள் மதுமதி. அது ஃபெபிக்கும் தெரிந்ததுதான். எண்ணும்போது நினைவில் வரவில்லை.

"அப்போ நீராகாரம்தான்" என்றார் சார்.

மதுமதி விடவில்லை. "இல்ல சார், இவ மோரு இம்புட்டு மோசமா இருக்காது. ஏட்டி, இன்னொருக்கா எண்ணிப் பாரேன்."

தோற்றதைவிட இந்தக் கரிசனம்தான் ஃபெபியைச் சுட்டது. இதுவும் இவளுக்கு எத்தனை சுலபமாக வருகிறது! சும்மா இருந்தால் மோர் இன்றோடு போய்விடும்.

"புதுசா ஸ்லைடு போடுவோம் சார். நாடா ஒட்டிக் குடுங்க, அவ எண்ணட்டும்."

"நீ எண்ணலையா?"

"நான் எண்ணினா சரியா வராது சார்."

சார் அவளை ஒருமுறை பார்த்தார். மதுமதி ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அழகாகத்தான் இருந்தது.