பிசையக் கூடாத மாவு

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். 'ழ' மட்டும் எவ்வளவு அடக்கினாலும் பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்துகொள்கிறது. பரோட்டா வீசிய கை இது. பேனா இதற்கு ரொம்பச் சின்னப் பொருள்.

மருமகள் செல்வி இதைப் போட்டோ எடுத்து, நம் பழைய ஹோட்டல்காரர்கள் குரூப்பில் போடுவாள். "திருத்தவா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

நான் சொல்ல வந்த அன்றைக்கும் சமையலறையில் இப்போது அடிக்கிற இதே வாசனைதான்... வெண்ணெயும் கிரீன் டீயும் கலந்த வாசனை. எங்கள் ஊர் எழுமலையில் மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டைத் தலையிலிருந்து இறக்கினால் ஒரு பச்சை வாசனை வருமே, அதைச் சர்க்கரையில் புரட்டியது போல.

செல்வி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, கோச்சடையில் எங்கள் வீட்டிலேயே பேக்கிங் தொடங்கியிருந்த நேரம். ஸ்கோன் என்று ஒன்று செய்வாள். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் நிற்கிற பண்டம். வெளியே மொறுமொறு, உள்ளே பொலபொல. கிரீன் டீ பொடியும் உலர்ந்த பழங்களும் போட்டுச் செய்தால் அதற்குத் தனி ருசி.

பக்கத்தில் புதிதாகத் திறந்த காபி கடைக்காரர் அதைக் கேட்டிருந்தார். சாயங்காலம் தின்று பார்ப்பார். பிடித்தால் தினமும் வாங்குவார். பிடிக்காவிட்டால் அவள் மறுபடி ஆபீஸ் தேட வேண்டியதுதான்.

காலையில் நானே கோரிப்பாளையம் போய், நம் குரூப்பில் இருக்கிற, என்னை மாமா என்று கூப்பிடும் நண்பன் காஜா கடையில் திராட்சையும் அத்திப்பழமும் வாங்கி வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நம் வீட்டில் மறுபடி மாவு வேலை!

மதியம் பால் தீர்ந்துபோய் அவள் கடைக்குக் கிளம்பினாள். நான் உள்ளே போனபோது மேடையில் ஒரு பாத்திரம் மூடியிருந்தது. மூடி மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏதோ எழுதியிருந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன்.

திறந்தால், மாவு உதிரி உதிரியாகக் கிடக்கிறது. புட்டு மாவு மாதிரி. பழங்கள் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம்.

அடடா, பிள்ளை பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறதே...

தண்ணீர் விட்டேன். பிசைந்தேன். அள்ளி மேடையில் அடித்து, மடித்து, மறுபடி அடித்து, எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடினேன். இழுத்தால் ஜவ்வாக வந்தது. அத்திப்பழம் இருந்த இடமே தெரியவில்லை. கை மறக்கவில்லை என்று எனக்கே பெருமை.

செல்வி வந்து துணியைத் தூக்கினாள்.

"என்ன மாமா இது?"

"ஒனக்கு வேலை மிச்சம் தாயி. அடுப்புல வைக்க வேண்டியதுதான்."

"ஐயோ மாமா... ஸ்கோன் மாவப் பிசையவே கூடாது. பட்டும் படாம சேத்து வைக்கணும். பிசைஞ்சா கல்லா ஆயிரும். சீட்டு எழுதி ஒட்டியிருந்தேனே, பாக்கலையா?"

"கண்ணாடி போடலம்மா."

"கண்ணாடி ஒங்க நெத்தியிலதான இருக்கு."

கையை வைத்துப் பார்த்தேன். இருந்தது.

அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. அது மகனுக்குத் தெரியும். புதிதாக வந்த பெண்ணிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் மாவு அப்பியிருக்க, அந்தப் பிள்ளையின் முன் நானே சொன்னேன்.

அவள் போனை எடுத்துக் காபி கடைக்குப் பேசினாள்.

"சார், மன்னிச்சுக்கங்க... நான்தான் கவனமில்லாம மாவப் பிசைஞ்சுட்டேன். நாளைக்குக் கட்டாயம் தாரேன்."

நான்தான் என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேடையைத் துடைப்பது போலத் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுபடி பழம் வேண்டுமே. காஜாவுக்குப் போன் போட்டேன்.

"காலையிலதான வாங்கிட்டுப் போனீக மாமா? அதுக்குள்ள தின்னாச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மைதாவக் கண்டா ஒங்க கை சும்மா இருக்காதா? நல்லவேள, விசிறாம விட்டீக!"

காஜா, இப்போது இதைப் படித்துவிட்டு இன்னொரு தடவை சிரிப்பாய். சிரி மாப்ள.

சரி, அந்த வீணான மாவை என்ன செய்தோம் என்கிறீர்களா? சுட்டோம். பல்லுக்குச் சவாலாக இருந்தது. ஒரு துண்டை நான் காபியில் ஊறவைத்துத் தின்று தீர்த்தேன்.

மறுநாள் புதிதாகச் செய்தாள். அடுப்பில் தட்டை வைத்துவிட்டு, அந்தச் சீட்டை என் முன் வைத்தாள்.

"அடுப்பு மணி அடிக்கிற வரைக்கும் சும்மாதான இருக்கோம். இது 'பி' மாமா. சொல்லுங்க."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஸ்கோன் வேகும் நேரம் என் பாடம். காபி கடைக்காரருக்குப் பிடித்துப்போனதால் பாடமும் தினமும் நடந்தது. இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் எத்தனை ஈடு வெந்ததோ!

பரோட்டாக் கல் முன் நின்ற காலமெல்லாம் கடைப் பலகை, பஸ் பலகை எதைப் பார்த்தாலும் எனக்குக் கோடுகள்தான். கூட வருகிறவர்கள் சொல்லுவார்கள், ஏறுவேன், இறங்குவேன். இப்போது தெருவில் நடந்தால் வீடு வந்து சேர நேரமாகிறது. ஒவ்வொரு பலகையாக நின்று படிக்கிறேன்.

ஆனாலும் "கண்ணாடி போடலம்மா" என்று சொன்ன அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் காது சுடுகிறது...

நேற்று செல்வி பாத்திரத்தை மூடிவிட்டுப் பால் வாங்கப் போனாள். நான் ஒரு தாளைக் கிழித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி, மூடியில் ஒட்டினேன்.

பிசையக் கூடாது.

வந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். "வீட்டுல ஒங்களத் தவிர யாரு மாமா பிசையப் போறா? யாருக்கு இந்தச் சீட்டு?"

"எனக்குத்தான் தாயி" என்றேன்.

மணி அடித்துவிட்டது. பேனாவை வைக்கிறேன். அடுத்த வாரமும் அடுப்பு எரியும், நானும் எழுதுவேன். அதற்குள் இந்த 'ழ' கொஞ்சம் நிமிர்ந்து நிற்கட்டும்.