வெட்டித் தின்ன ஒரு முகம்

சாப்பிடக்கூடிய மையால் சர்க்கரைத் தாளில் போட்டோ அச்சடித்து கேக் மேல் ஒட்டுவது என் தொழில். கோபத்தை அடக்குவது அதைவிடப் பெரிய தொழில். திருவானைக்காவலில் வீட்டு முன்னறைதான் என் கடை. இதே வேலை செய்கிறவர்கள் யாராவது படித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள். உங்களுக்கும் நடந்திருக்கும்.

மூன்றாவது வரிசை

மகனின் பிறந்த நாளுக்கு ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஸ்கூல் ஆண்டு விழா குரூப் போட்டோ. அதுவும் யாரோ ஸ்டேட்டஸில் வைத்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்தது. எழுபது பிள்ளைகளில், மூன்றாவது வரிசையில் இன்னொருவன் காதுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறவன்தான் பிறந்த நாள் பிள்ளை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக வரும், வேறு படம் கொடுங்கள் என்று நாலு தடவை சொன்னேன். கேட்கவில்லை. கேக்கைப் பார்த்ததும் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏங்க, முன்னாடி நிக்கிற பையன் காதைக் கொஞ்சம் நகர்த்திட்டுப் போட்டிருக்கக் கூடாதா?"

எண்பதாவது பிறந்த நாள்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அப்பாவுக்கு எண்பது வயது. முட்டை சேர்க்காத கேக், மேலே பெருமாள் படம். "சார், அதை வெட்டணுமே, யோசிச்சீங்களா?" என்றேன். "அப்பா ரொம்ப சந்தோஷப்படுவார்" என்றார்.

கேக் வாங்க அப்பாவையும் அழைத்து வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பெருமாள் திருமேனியிலே கத்தி வைக்கச் சொல்றேளா? பயமே கிடையாதா உங்களுக்கெல்லாம்?" அத்தனை திட்டும் எனக்குத்தான். ஆர்டர் கொடுத்த மகன் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிரீமில் ஒட்டிய தாளைக் கிழியாமல் உரிப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். அந்த இடத்தை கிரீம் பூவால் மூடிக் கொடுத்தேன். தட்டில் பெருமாளை ஏந்தி நின்ற என்னிடம், கிளம்பும்போது மகன் மெதுவாகச் சொன்னார்: "தூரப் போட்டுடாதீங்கோ மேடம், எறும்பு வராமயும் பார்த்துக்கோங்கோ."

கலர்

தில்லை நகரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு நிச்சயதார்த்தம். பையனும் பெண்ணும் சேர்ந்து சிரிக்கிற படம், நல்ல படம். "பொண்ணை மட்டும் கொஞ்சம் கலரா மாத்திடுங்க" என்றார். உங்கள் பையனும் அதே நிறம்தானே என்றேன். "நீங்க கேக் போடுறவங்கதானே?" என்று கேட்டார். அந்தப் பெண் எப்படி இருக்கிறாளோ அப்படித்தான் போடுவேன், பிடிக்காவிட்டால் வேறு கடை பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்: "எங்களுக்கு கறுப்பு சிவப்பெல்லாம் கிடையாதுங்க, சாப்பிடுறவங்களுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்."

ஓரத்தில் நின்றவர்

இதில் கோபம் என் மேல்தான். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒருவர் ஓய்வு பெற்றார். கூட வேலை செய்கிறவர்கள் கேக்குக்குப் படம் கொண்டுவந்தார்கள். மெஷின் முன்னால் ஐந்து பேர். "ஓரத்துல நிக்கிறவரை எடுத்துடுங்க மேடம், அவர் காண்ட்ராக்ட்" என்றார்கள். அன்றைக்கு ஏகப்பட்ட ஆர்டர். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டி எடுத்தேன்.

விழாவுக்கு நானே கேக்கைக் கொண்டுபோனேன். மாலை போட்டிருந்த பெரியவர் கத்தியைக் கையில் எடுத்தார், கேக்கைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். "ஆறுமுகம் எங்க?" என்றார். "இருபது வருஷமா என் பக்கத்துல நின்னவன். அவனை யாரு வெட்டினது?" நான்தான் என்று சொன்னேன். படம் கொண்டுவந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வாசலருகே பேப்பர் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். படத்தில் ஓரத்தில் நின்ற அதே முகம். பெரியவர் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார். என்னால் அவரை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. ஆறுமுகம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விடுங்கண்ணே, கேக்குலயும் நான் பர்மனென்ட் ஆகலைன்னு வெச்சுக்குவோம்."

அச்சடித்த படமெல்லாம் அரை மணி நேரத்தில் யார் வயிற்றிலோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதைக் கொண்டுவந்த மனுஷர்கள்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.